துருக்கியும் அதன் அண்டை நாடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கியைப் பற்றி வரும் செய்திகள் பல நேரங்களில் ஒன்றோடொன்று பொருந்தாதவை போலத் தோன்றும். 1952 முதல் நேட்டோ என்ற மேற்கு நாடுகளின் இராணுவக் கூட்டணியில் இருக்கும் நாடு, அந்த நேட்டோ எதைத் தடுக்க உருவானதோ அதே ரஷ்யாவிடம் ஏவுகணைத் தடுப்பு அமைப்பை வாங்குகிறது. ரஷ்யாவின் எரிவாயுவில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டே உக்ரைனுக்கு டிரோன்களை விற்கிறது. சிரிய அதிபரோடு குடும்ப நட்புப் பாராட்டிய தலைவர், மூன்றே ஆண்டுகளில் அவருடைய எதிரிகளுக்குப் புகலிடம் கொடுக்கிறார். இவற்றைப் படிப்பவர்கள் வழக்கமாக எழுப்பும் ஐயங்களுக்கான விளக்கங்களைக் கீழே தந்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இழந்த உதுமானியப் பேரரசை மீட்கும் ஆசையைவிட, எஞ்சியிருப்பதும் பறிபோய்விடுமோ என்ற அச்சமே துருக்கியின் அண்டை நாட்டுக் கொள்கையை அதிகம் நடத்திச் சென்றிருக்கிறது.

துருக்கியின் அண்டை நாடுகள் எவை? அவற்றில் எவை உதுமானியப் பேரரசுக்குள் இருந்தன?

நிலவழியே எட்டு நாடுகள் துருக்கியை ஒட்டியுள்ளன. மேற்கில் கிரீஸ், பல்கேரியா. வடகிழக்கிலும் கிழக்கிலும் ஜார்ஜியா, ஆர்மீனியா, அசர்பைஜானின் நக்சிவான் பகுதி, ஈரான். தெற்கில் ஈராக், சிரியா. இவற்றில் சிரிய எல்லைதான் மிக நீளமானது. 900 கிலோமீட்டருக்கும் அதிகம். கடல்வழியே பார்த்தால் சைப்ரஸும், கருங்கடலுக்கு அப்பால் ரஷ்யா, உக்ரைன், ருமேனியா ஆகியவையும் சேரும்.

கிரீஸ், பல்கேரியா, ஈராக், சிரியா, சைப்ரஸ் ஆகியவை நூற்றாண்டுக்கணக்கில் இஸ்தான்புல்லிலிருந்து ஆளப்பட்டவை. காக்கசஸ் பகுதிகள் உதுமானியர்க்கும் பாரசீகத்துக்கும், பின்னர் ரஷ்யாவுக்கும் இடையே கைமாறிக்கொண்டே இருந்தன. ஈரானின் மையப்பகுதி ஒருபோதும் உதுமானியர் வசம் நிலைத்ததில்லை. இன்று இந்த நாடுகளின் பள்ளிப் பாடநூல்களில் உதுமானியர் காலம் பெரும்பாலும் அந்நிய ஆட்சிக் காலமாகவே எழுதப்பட்டிருக்கிறது. துருக்கியப் பாடநூல்களிலோ அது பொற்காலம். ஒரே வரலாற்றை எதிரெதிராகக் கற்றவர்கள்தான் பேச்சுவார்த்தை மேசையில் உட்காருகிறார்கள்.

செவ்ரே, லொசான் என்ற இரண்டு உடன்படிக்கைகளைத் துருக்கியர் இன்றும் ஏன் பேசுகிறார்கள்?

முதல் உலகப் போரில் தோற்ற உதுமானிய அரசு 1920 ஆகஸ்ட் 10 அன்று செவ்ரே உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. அதன்படி கிழக்கில் ஆர்மீனியாவுக்கு ஒரு பெரும் நிலப்பரப்பு, தென்கிழக்கில் வாழும் குர்து இனத்தவர்க்குத் தன்னாட்சி, ஏஜியன் கரையில் இஸ்மிர் நகரும் சுற்றுப்புறமும் கிரேக்க நிர்வாகத்தில், பாஸ்போரஸ், டார்டனெல்ஸ் நீரிணைகள் பன்னாட்டுக் கட்டுப்பாட்டில், மீதியிலும் பிரெஞ்சு, இத்தாலியச் செல்வாக்கு மண்டலங்கள் என்று வரையப்பட்டது. துருக்கியர்க்கு எஞ்சியது அனதோலியாவின், அதாவது துருக்கியின் ஆசியப் பகுதியின், நடுப்பகுதியும் வடக்கும் மட்டுமே.

பின்னாளில் அதாதுர்க் எனப்பட்ட முஸ்தபா கெமால் தலைமையில், இன்றைய தலைநகரான அங்காராவில் கூடியவர்கள் இதை ஏற்க மறுத்துப் போரிட்டனர். 1922 செப்டம்பரில் இஸ்மிர் மீட்கப்பட்டது. 1923 ஜூலை 24 அன்று லொசானில் புதிய உடன்படிக்கை ஏற்பட்டது. இன்றைய எல்லைகள் பெரும்பாலும் அதிலிருந்து வந்தவையே. அதே ஆண்டு அக்டோபரில் குடியரசு அறிவிக்கப்பட்டது. செவ்ரே ஒருநாளும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் வல்லரசுகளும் அண்டை நாடுகளும் சிறுபான்மையினரும் கூடி நாட்டைத் துண்டாடிவிடுவார்கள் என்ற எண்ணம் துருக்கியின் படைத்துறையிலும் அரசியலிலும் ஆழமாகப் பதிந்துவிட்டது. இடதுசாரி, வலதுசாரி, மதச்சார்பற்றவர், மதப்பற்றாளர் என்ற வேறுபாடில்லாமல் எல்லாத் தரப்பும் இந்த அச்சத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. உலக முஸ்லிம்களின் தலைவராகக் கருதப்பட்ட உதுமானியக் கலீபாவின் பதவியைக் காக்க வேண்டும் என்று காந்தியும் அலி சகோதரர்களும் கிலாபத் இயக்கம் நடத்தினார்கள். சென்னை மாகாணத்திலும் கூட்டங்கள் நடந்தன. அந்தப் பதவியை ஒழித்தது பிரிட்டன் அன்று. 1924 மார்ச்சில் அங்காராவின் நாடாளுமன்றமே ஒழித்தது.

1923-இன் மக்கள் பரிமாற்றம் என்பது என்ன?

லொசான் பேச்சின்போது, 1923 ஜனவரியில், கிரீஸும் துருக்கியும் தங்களுக்குள் சிறுபான்மையினரைக் கட்டாயமாக மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டன. அனதோலியாவைச் சேர்ந்த ஏறத்தாழ 12 லட்சம் கிறித்தவர்கள் கிரீஸுக்கும், கிரீஸிலிருந்த ஏறத்தாழ 4 லட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கும் உரியவர்களாக ஆக்கப்பட்டனர். கிறித்தவர்களில் பெரும்பாலோர் உடன்பாட்டுக்கு முன்பே, தோற்ற கிரேக்கப் படையின் பின்னால் தப்பி ஓடியிருந்தனர்.

யார் கிரேக்கர், யார் துருக்கியர் என்பதை மொழி தீர்மானிக்கவில்லை, மதம் தீர்மானித்தது. கப்படோக்கியாவில் தலைமுறை தலைமுறையாகத் துருக்கி மொழி பேசி, அதையே கிரேக்க எழுத்தில் எழுதிவந்த கிறித்தவக் குடும்பங்கள், கிரேக்கம் தெரியாமலே கிரீஸில் போய் இறங்கின. கிரீட் தீவின் முஸ்லிம்கள் கிரேக்கம் மட்டுமே பேசிக்கொண்டு துருக்கியக் கரையில் குடியேறினார்கள். இரு தரப்பும் போன இடத்தில் பல ஆண்டுகள் அந்நியராகவே பார்க்கப்பட்டனர். இஸ்தான்புல்லின் கிரேக்கர்களுக்கும் கிரீஸின் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அந்த விலக்கு பெற்றவர்கள், பின்னாளில் இரு நாடுகளும் மோதும்போதெல்லாம் முதலில் அடிவாங்குபவர்களாயினர். 1955 செப்டம்பர் 6, 7 தேதிகளில் இஸ்தான்புல்லில் கிரேக்கர்களின் கடைகளும் வீடுகளும் தேவாலயங்களும் கும்பல்களால் சூறையாடப்பட்டன. ஒரு காலத்தில் ஒரு லட்சம் அளவில் இருந்த அச்சமூகம் இன்று சில ஆயிரமாகச் சுருங்கிவிட்டது.

அதாதுர்க் காலத்தில் அண்டை நாடுகளோடு உறவு எப்படி இருந்தது?

வியப்பூட்டும் அளவுக்கு நன்றாக இருந்தது. போர்க்களத்தில் பெயர் பெற்ற ஒருவர், போதும் என்று நிறுத்தத் தெரிந்தவராகவும் இருந்தார். எண்ணெய் வளமுள்ள மோசுல் பகுதியைத் துருக்கி தனது என்று கருதியபோதும், 1926-இல் அதை பிரிட்டனின் பொறுப்பிலிருந்த ஈராக்குக்கு விட்டுக்கொடுத்து, எண்ணெய் வருவாயில் 25 ஆண்டுகளுக்குப் பத்து விழுக்காடு என்ற ஏற்பாட்டோடு அமைந்தது. 1930-இல் கிரேக்கப் பிரதமர் வெனிசெலோஸ் அங்காராவுக்கு வந்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு இஸ்மிருக்காகப் போரிட்ட நாட்டின் தலைவர் அவர். 1934-இல் அதாதுர்க்கின் பெயரை அமைதிக்கான நோபல் பரிசுக்கும் பரிந்துரைத்தார். அதே 1934-இல் கிரீஸ், யுகோஸ்லாவியா, ருமேனியா ஆகியவற்றோடு பால்கன் ஒப்பந்தமும், 1937-இல் ஈரான், ஈராக், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றோடு சாதாபாத் ஒப்பந்தமும் ஏற்பட்டன.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பிரெஞ்சுப் பொறுப்பிலிருந்த சிரியாவின் ஹதாய் பகுதி, 1938-இல் தனிக் குடியரசாகி 1939-இல் துருக்கியோடு இணைந்தது. ஜெர்மனியோடு போர் நெருங்குவதைக் கண்ட பிரான்ஸ், துருக்கியைத் தன் பக்கம் வைத்திருக்க இதற்கு இடம் கொடுத்தது. சிரியா பல பத்தாண்டுகள் தன் வரைபடங்களில் ஹதாயைத் தன்னுடையதாகவே வரைந்துவந்தது.

நடுநிலையாக இருந்த நாடு நேட்டோவில் ஏன் சேர்ந்தது?

ஸ்டாலினால். உதுமானியரும் ரஷ்யரும் பத்துக்கும் மேற்பட்ட போர்களில் மோதியவர்கள் என்றாலும், 1920-களின் தொடக்கத்தில் அங்காராவின் விடுதலைப் போருக்குப் பொன்னும் துப்பாக்கியும் கொடுத்தது சோவியத் அரசுதான். 1945-இல் நிலைமை தலைகீழானது. மாஸ்கோ பழைய நட்பு உடன்படிக்கையைக் கைவிட்டு, கார்ஸ், அர்தகான் மாவட்டங்களையும் நீரிணைகளில் படைத்தளங்களையும் கேட்டது. 1946 ஏப்ரலில் அமெரிக்கப் போர்க்கப்பல் மிசௌரி இஸ்தான்புல் துறைமுகத்துக்கு வந்து நின்றது. வாஷிங்டனில் இறந்த துருக்கியத் தூதரின் உடலைக் கொண்டுவந்து சேர்ப்பதே அதன் வெளிப்படையான பணி. அந்தக் கப்பல் மாஸ்கோவுக்குச் சொன்ன செய்தி எல்லோருக்கும் விளங்கியது. 1947-இல் கிரீஸுக்கும் துருக்கிக்கும் அமெரிக்க உதவியை அறிவித்த டிரூமன் கோட்பாடு, 1950-இல் கொரியப் போருக்குத் துருக்கியப் படை, 1952 பிப்ரவரியில் கிரீஸும் துருக்கியும் ஒரே நாளில் நேட்டோவில். 1953-இல் ஸ்டாலின் இறந்த சில மாதங்களில் மாஸ்கோ தன் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றது. ஆனால் அதற்குள் துருக்கி தன் பக்கத்தைத் தேர்ந்துவிட்டது.

கருங்கடலுக்கு வழிவிடும் நீரிணைகள் யார் கட்டுப்பாட்டில் உள்ளன?

1936-இன் மொந்த்ரே உடன்படிக்கைப்படி துருக்கியின் கட்டுப்பாட்டில். வணிகக் கப்பல்கள் தடையின்றிச் செல்லலாம். கருங்கடல் கரை இல்லாத நாடுகளின் போர்க்கப்பல்களுக்கு எடையளவிலும் தங்கும் நாள்களிலும் வரம்புண்டு. 21 நாள்களுக்கு மேல் அவை கருங்கடலில் தங்க முடியாது. போர்க்காலத்தில் போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்களைத் துருக்கி தடுக்கலாம். தன் தளத்துக்குத் திரும்பும் கப்பல் மட்டும் விலக்கு. 2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைன் மீதான தாக்குதலைப் போர் என்று அறிவித்த அங்காரா, இந்த விதியைச் செயல்படுத்தியது. மூழ்கிய கப்பல்களுக்கு ஈடாகப் பிற கடல்களிலிருந்து ரஷ்யாவால் கப்பல் கொண்டுவர முடியாமல் போனது. அதே உடன்படிக்கையைக் காட்டி நேட்டோ கப்பல்களும் வெளியே நிறுத்தப்பட்டன. தொண்ணூறு ஆண்டுகளாகத் துருக்கி கையில் வைத்திருக்கும் மிகச் சிறந்த ராஜதந்திரக் கருவி இது என்பேன். இதற்கு டிரோனும் தேவையில்லை, வீரவசனமும் தேவையில்லை.

ஒரே கூட்டணியில் இருக்கும் கிரீஸும் துருக்கியும் ஏன் போரின் விளிம்புவரை போகின்றன?

சைப்ரஸ் ஒரு காரணம், ஏஜியன் கடல் இன்னொன்று. சைப்ரஸ் 1960-இல் விடுதலை பெற்றபோது பிரிட்டன், கிரீஸ், துருக்கி மூன்றும் அதன் அரசமைப்புக்கு உத்தரவாதம் அளித்தன. 1963 இறுதியில் தீவின் கிரேக்கர், துருக்கியர் ஆகிய இரு இனத்தவரிடையே கலவரம் மூண்டது. 1974 ஜூலை 15 அன்று, தீவைக் கிரீஸோடு இணைக்க விரும்பியவர்கள் ஏதென்ஸின் இராணுவ ஆட்சியாளர்களின் துணையோடு அதிபர் மகாரியோஸைக் கவிழ்த்தனர். ஜூலை 20 அன்று துருக்கியப் படை தரையிறங்கியது. ஆகஸ்டில் இரண்டாம் கட்டத் தாக்குதலுக்குப் பின் தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான பகுதி அதன் கைக்கு வந்தது. 1983-இல் அறிவிக்கப்பட்ட வட சைப்ரஸ் துருக்கியக் குடியரசைத் துருக்கியைத் தவிர வேறு எந்த நாடும் அங்கீகரிக்கவில்லை. 2004-இல் ஐநா முன்வைத்த இணைப்புத் திட்டத்தை வடக்கில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ஏற்றனர், தெற்கில் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர் மறுத்தனர். மறுத்த தெற்கு அடுத்த வாரமே ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பாயிற்று. ஒன்றியத்தின் மீது துருக்கியர்க்கு நம்பிக்கை குறைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதில் அவர்களது மனக்குறை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

ஏஜியனின் சிக்கலைப் புரிந்துகொள்ள, காஸ்தெலோரிசோ என்ற சிறு தீவைப் பார்த்தால் போதும். சில நூறு பேர் வாழும் இந்தக் கிரேக்கத் தீவு, துருக்கியின் காஷ் என்ற கடற்கரை ஊரிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. கிரீஸின் தலைநிலத்துக்கோ ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். தீவுக்காரர்கள் படகேறிக் காஷின் வாரச் சந்தையில் காய்கறி வாங்கி வருகிறார்கள். ஆனால் இந்தத் தீவுக்கும் தனிப் பொருளாதாரக் கடல் மண்டலம் உண்டு என்பது ஏதென்ஸின் வாதம். அப்படியானால் எங்கள் நீண்ட கரை அந்தாலியா வளைகுடாவுக்குள் அடைபட்டுவிடும் என்பது அங்காராவின் வாதம். 1982-இன் கடற்சட்ட உடன்படிக்கை ஏதென்ஸுக்குச் சாதகமானது. துருக்கி அதில் கையொப்பமிடவே இல்லை. கிரீஸ் தன் கடல் எல்லையை 12 கடல் மைல் ஆக்கினால் அதைப் போருக்கான காரணமாகக் கொள்வோம் என்று 1995-இல் துருக்கிய நாடாளுமன்றம் தீர்மானித்தது. 1996 ஜனவரியில், ஆடு மேய்வதற்கு மட்டுமே பயன்பட்ட இமியா, துருக்கியர் மொழியில் கர்தாக், என்ற இரண்டு பாறைத்திட்டுகளுக்காக இரு கடற்படைகளும் எதிரெதிரே நின்றன. ஹெலிகாப்டர் விழுந்து மூன்று கிரேக்க அதிகாரிகள் இறந்தனர்.

1999 ஆகஸ்டில் துருக்கியிலும் அடுத்த மாதம் ஏதென்ஸிலும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, இரு நாட்டு மீட்புக் குழுக்களும் மாறி மாறி உதவின. வெளியுறவு அமைச்சர்களான இஸ்மாயில் ஜெம்மும் ஜார்ஜ் பப்பாந்த்ரேயுவும் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பேசத் தொடங்கியிருந்தனர் என்பது பலரும் மறந்துவிடும் செய்தி. நிலநடுக்கம் அந்தப் பேச்சுக்கு மக்கள் ஆதரவைச் சேர்த்தது. 2020-இல் துருக்கியின் ஆய்வுக் கப்பல் ஒருச் ரெயிஸால் மீண்டும் பதற்றம். 2023 பிப்ரவரி நிலநடுக்கத்துக்குப் பின் மீண்டும் தணிவு. அவ்வாண்டு டிசம்பரில் ஏதென்ஸில் நட்புறவுப் பிரகடனம். அடிப்படைத் தகராறு ஒன்றுகூடத் தீரவில்லை. ஆயினும் கிரேக்கத் தீவுகளுக்குச் செல்லும் துருக்கியப் பயணிகளுக்குத் துறைமுகத்திலேயே குறுகிய கால விசா கிடைக்கிறது.

பல்கேரியாவோடு என்ன பிரச்சினை?

இப்போது பெரிதாக ஒன்றுமில்லை. 1984 இறுதியிலிருந்து பல்கேரியக் கம்யூனிஸ்ட் அரசு அங்கிருந்த துருக்கியரின் பெயர்களைக் கட்டாயமாக ஸ்லாவியப் பெயர்களாக மாற்றியது. பளுதூக்கும் வீரர் நயிம் சுலைமானோக்லுவுக்கு நவும் ஷலமானோவ் என்று பெயர் சூட்டப்பட்டது. அவர் 1986-இல் மெல்பர்னில் தன் அணியிலிருந்து தப்பித் துருக்கிக்குப் போய், 1988 சியோல் ஒலிம்பிக்கில் துருக்கிக்காகத் தங்கம் வென்றார். 1989 கோடையில் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் எல்லையைக் கடந்து துருக்கிக்குள் வந்தனர். ஆட்சி மாறியபின் கணிசமானோர் திரும்பிச் சென்றனர். 2012-இல் பல்கேரிய நாடாளுமன்றமே அந்த வெளியேற்றத்தை இனச் சுத்திகரிப்பு நடவடிக்கை என்று கண்டித்துத் தீர்மானம் போட்டது.

‘அண்டை நாடுகளோடு பிரச்சினையே இல்லை’ என்ற கொள்கை என்னவாயிற்று?

2009 முதல் 2014 வரை வெளியுறவு அமைச்சராக இருந்த அகமத் தாவுதோக்லுவின் பெயரோடு இணைந்த முழக்கம் இது. எல்லாரோடும் வணிகம், விசா தேவையில்லாத பயணம், பழைய பகையை ஒதுக்கிவைத்தல் என்பது அதன் சாரம். சில ஆண்டுகள் அது பலித்தது. அனதோலியாவின் காசியந்தெப், கைசேரி போன்ற ஊர்களின் தொழிலதிபர்களுக்குப் புதிய சந்தைகள் கிடைத்தன. ஆனால் இந்தக் கொள்கை அண்டை நாடுகளின் ஆட்சிகள் அப்படியே நிலைத்திருக்கும் என்ற அனுமானத்தில் நின்றது. 2011-இல் அரபு நாடுகளில் கிளர்ச்சிகள் வெடித்தபோது ஆட்சியாளர் பக்கமா, தெருவில் நிற்பவர்கள் பக்கமா என்று தேர்ந்தாக வேண்டியிருந்தது. அங்காரா இரண்டாவதைத் தேர்ந்தது. தன் சொல்லுக்கு டமாஸ்கஸ் கட்டுப்படும் என்றும், சிரிய அதிபர் அசாத் சில மாதங்களில் விழுந்துவிடுவார் என்றும் அது போட்ட கணக்கு பதின்மூன்று ஆண்டுகள் தவறாகவே இருந்தது.

சிரியாவோடு உறவு ஏன் இத்தனை முறை மாறியது?

ஹதாய், யூப்ரடீஸ் ஆற்று நீர், குர்துகள் என்ற மூன்று இழைகள் இதில் பின்னிக் கிடக்கின்றன. யூப்ரடீஸின் மேல்பகுதியில் அதாதுர்க் அணையைக் கட்டிய துருக்கி, 1990 ஜனவரியில் அதை நிரப்புவதற்காக ஒரு மாதம் ஆற்றை நிறுத்தியது. வினாடிக்கு 500 கன மீட்டர் நீர் விடுவதாக 1987-இல் சிரியாவுக்கு உறுதி கூறியிருந்தது. காவிரி நீருக்காகக் காத்திருந்து பழகிய தமிழ் வாசகருக்குக் கீழ்ப்பகுதி நாட்டின் கோபத்தை விளக்கத் தேவையில்லை. சிரியாவின் கையிலிருந்த துருப்புச்சீட்டு, துருக்கி அரசை எதிர்த்து ஆயுதமேந்திய குர்துத் தொழிலாளர் கட்சியின் தலைவர் அப்துல்லா ஓஜலானுக்கு டமாஸ்கஸில் கொடுத்திருந்த இடம். 1998 அக்டோபரில் துருக்கி எல்லையில் படையைக் குவித்து மிரட்டியது. சிரியா அவரை வெளியேற்றி அதானா உடன்பாட்டில் கையொப்பமிட்டது. அடுத்த பிப்ரவரியில் அவர் நைரோபியில் பிடிபட்டார்.

அந்த மிரட்டலுக்குப் பின் வந்த பத்தாண்டுகள்தாம் இரு நாட்டு உறவின் இனிய காலம். 2008-இல் அசாத் குடும்பம் போத்ரும் கடற்கரையில் விடுமுறை கழித்தது. அப்போது பிரதமராகவும் 2014 முதல் அதிபராகவும் இருக்கும் எர்டோகன் அங்கே போய் வரவேற்றார். 2009-இல் விசா நீக்கப்பட்டது. 2011-க்குப் பின் எல்லாம் சிதைந்தது. 36 லட்சத்துக்கும் அதிகமான சிரியர்கள் துருக்கியில் தஞ்சம் புகுந்தனர். குர்துப் போராளிகள் வட சிரியாவில் ஐ.எஸ். அமைப்பை எதிர்த்து அமெரிக்க உதவியோடு ஒரு நீண்ட நிலப்பகுதியைப் பிடித்தபோது, அங்காராவின் முதன்மை எதிரி அசாத் என்ற நிலை மாறி, அந்தக் குர்துப் போராளிகளே முதன்மை எதிரி ஆயினர். 2016, 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் துருக்கியப் படை எல்லை தாண்டியது. அகதிகளை வரவேற்ற சமூகமே 2023 தேர்தலில் அவர்களைத் திருப்பி அனுப்பும் வாக்குறுதிகளைக் கேட்டது. 2024 கோடையில் அசாத்தைச் சந்திக்கத் தயார் என்று எர்டோகன் அழைத்தார்; அசாத் பிடிகொடுக்கவில்லை. டிசம்பர் 8 அன்று அசாத்தின் ஆட்சி வீழ்ந்தது. சில நாள்களிலேயே துருக்கிய உளவுத்துறைத் தலைவரும், இரண்டு வாரங்களில் வெளியுறவு அமைச்சரும் டமாஸ்கஸுக்குச் சென்றனர்.

சிரியாவுக்குள் துருக்கிக்குச் சொந்தமான கல்லறை ஒன்று இருப்பது உண்மையா?

உண்மை. பேரரசை நிறுவிய ஒஸ்மானின் பாட்டனார் என்று கருதப்படும் சுலைமான் ஷாவின் கல்லறை யூப்ரடீஸ் கரையில் ஜாபர் கோட்டையருகே இருந்தது. அதைக் காவலர்களை நிறுத்திப் பேணலாம், துருக்கிக் கொடியை ஏற்றலாம் என்று 1921-இல் பிரான்ஸோடு செய்த உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு சொல்கிறது. தப்கா அணையின் நீர் சூழ்ந்ததால் 1970-களில் கல்லறை வடக்கே மாற்றப்பட்டது. 2015 பிப்ரவரியில், சுற்றிலும் ஐ.எஸ். ஆட்கள் இருந்த நிலையில், டாங்கிகளோடு இரவில் உள்ளே சென்ற படை, ஏறத்தாழ நாற்பது காவலர்களையும் எச்சங்களையும் மீட்டு, பழைய கட்டடத்தைத் தகர்த்துவிட்டு, சிரியாவுக்குள்ளேயே ஆனால் எல்லையை ஒட்டி இன்னோர் இடத்தில் கொடியை நட்டது. அங்கே புதைக்கப்பட்டவர் அவர்தானா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு ஐயம் உண்டு. பேரரசின் மிச்சத்தைக் காக்கும் வீறாப்பும், ஆபத்து வந்தால் எல்லைக்குப் பின்வாங்கும் எச்சரிக்கையும் ஒரே இரவில் வெளிப்பட்ட நிகழ்ச்சி என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

ஈராக்கின் குர்துகளோடு மட்டும் துருக்கி எப்படி நட்பாக இருக்கிறது?

வணிகத்தாலும், அவர்களுக்குள் இருக்கும் பிளவாலும். 2003 மார்ச் 1 அன்று ஈராக் போருக்காக அமெரிக்கப் படையைத் தன் மண்ணில் அனுமதிக்கும் தீர்மானம் துருக்கிய நாடாளுமன்றத்தில் 264-க்கு 250 என்று ஆதரவு பெற்றும், வாக்களிக்காமல் ஒதுங்கிய 19 பேரையும் சேர்த்துக் கணக்கிடும் பெரும்பான்மையை எட்டாமல் தோற்றது. அப்போது வட ஈராக்கில் குர்து அரசு உருவாவதே அங்காராவின் பேரச்சமாக இருந்தது. 2010-க்குள் ஈராக்கின் குர்துப் பகுதித் தலைநகரான எர்பிலில் துருக்கியத் துணைத்தூதரகம் திறக்கப்பட்டது. துருக்கிய ஒப்பந்தக்காரர்கள் அங்கே விமான நிலையமும் குடியிருப்புகளும் கட்டினார்கள். குர்து எண்ணெய் துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகத்துக்கு வந்தது. எர்பிலை ஆளும் பர்சானியின் கட்சிக்கும் ஓஜலானின் கட்சிக்கும் ஆகாது என்பது இந்த நட்புக்கு அடித்தளம். ஆயினும் 2017-இல் எர்பில் விடுதலைக்கு வாக்கெடுப்பு நடத்தியபோது துருக்கி பாக்தாத்தோடும் ஈரானோடும் சேர்ந்து அதை எதிர்த்தது. 2025 மே மாதம் குர்துத் தொழிலாளர் கட்சி தன்னைக் கலைப்பதாக அறிவித்தது. ஜூலையில் வட ஈராக்கில் ஒரு சிறு குழு ஆயுதங்களைத் தீயிட்டது. இது முழுமையாக நிறைவேறினால், துருக்கியின் தெற்கெல்லைக் கொள்கை முழுவதும் மாறக்கூடும்.

ஈரானோடு?

போட்டி உண்டு, போர் இல்லை. 1639-இன் உடன்படிக்கை வகுத்த எல்லை, சிறு மாற்றங்களோடு, ஏறத்தாழ இன்றும் நிற்கிறது. உலகின் பழைய எல்லைகளில் ஒன்று. 2001 முதல் ஈரானிய எரிவாயு குழாய்வழி வருகிறது. சிரியாவில் எதிரெதிர்த் தரப்புகளுக்கு ஆயுதம் கொடுத்துக்கொண்டே இரு நாடுகளும் கஜக்ஸ்தானின் அஸ்தானாவில் ரஷ்யாவோடு ஒரே மேசையில் அமர்ந்தன.

ரஷ்யா நண்பனா, எதிரியா?

இரண்டும் என்றே துருக்கியர் பதில் சொல்வார்கள். 2015 நவம்பர் 24 அன்று சிரிய எல்லையில் ரஷ்யப் போர் விமானத்தைத் துருக்கி சுட்டு வீழ்த்தியது. மாஸ்கோ தக்காளி இறக்குமதியைத் தடுத்தது, சுற்றுலாப் பயணிகளை நிறுத்தியது. அந்தாலியாவின் விடுதிகள் காலியாயின. 2016 ஜூனில் எர்டோகன் வருத்தக் கடிதம் அனுப்பினார். அடுத்த மாதம் நடந்த இராணுவக் கவிழ்ப்பு முயற்சியின்போது மேற்கு நாடுகள் தயங்கித் தயங்கிப் பேச, புதின் உடனே ஆதரவு தெரிவித்தார். 2019 ஜூலையில் ரஷ்யாவின் ஏவுகணைத் தடுப்பு அமைப்பான எஸ்-400 வந்து இறங்கியது. அமெரிக்கா எஃப்-35 விமானத் திட்டத்திலிருந்து துருக்கியை நீக்கியது. முதல் அணுமின் நிலையத்தை அக்குயுவில் கட்டுவது ரஷ்யாவின் அரசு அணுசக்தி நிறுவனமான ரோசாட்டம். மறுபுறம் சிரியாவிலும் லிபியாவிலும், ஆர்மீனியாவும் அசர்பைஜானும் மோதிய கராபாக்கிலும் இவ்விரு நாடுகளும் ஆதரித்தது எதிரெதிர்த் தரப்புகளை. 2022 ஜூலையில் உக்ரைன் தானியத்தைக் கடல்வழியே வெளியே கொண்டுவரும் ஒப்பந்தம் இஸ்தான்புல்லில் கையொப்பமானது; ஓராண்டில் ரஷ்யா விலகிவிட்டது. வலுத்த அண்டை வீட்டுக்காரனோடு முழுப் பகையும் கூடாது, முழு நம்பிக்கையும் கூடாது என்பது பழைய உதுமானியப் பாடம்தான்.

அப்படியானால் எர்டோகன் பேரரசை மீட்க முயல்கிறார் என்பது தவறா?

மேடைப்பேச்சைக் கேட்டால் சரி என்று தோன்றும். லொசானில் கூப்பிடு தூரத்துத் தீவுகளைக் கொடுத்துவிட்டோம் என்று 2016-இல் பேசினார். 2017 டிசம்பரில் ஏதென்ஸுக்கே சென்று அந்த உடன்படிக்கையைப் புதுப்பிக்க வேண்டும் என்றார். 2020-இல் இஸ்தான்புல்லில் அருங்காட்சியகமாக இருந்த ஹாகியா சோபியாவை மீண்டும் தொழுகைப் பள்ளியாக்கினார். ஆனால் படை சென்ற இடங்களைப் பாருங்கள்: பெரும்பாலும் குர்துப் போராளிகள் எல்லையை நெருங்கிய இடங்கள். இந்த அச்சம் எர்டோகனுக்கு முந்தைய மதச்சார்பற்ற அரசுகளுக்கும் இருந்தது. 1974-இல் சைப்ரஸுக்குப் படை அனுப்பிய பிரதமர் எஜெவித் இடதுசாரிக் கவிஞர். பேரரசு நினைவு வாக்குச் சேகரிக்கப் பயன்படுகிறது, படையை நகர்த்துவது பெரும்பாலும் வேறு கணக்கு. லிபியா இதற்கு ஓரளவு விதிவிலக்கு; அங்கும் 2019-இன் கடல் எல்லை ஒப்பந்தத்தின் நோக்கம் கிரேக்கத் தீவுகளின் முற்றுகையை உடைப்பதே.

ஆர்மீனிய எல்லை ஏன் இன்னும் மூடியிருக்கிறது?

1915 முதல் உதுமானிய அரசு ஆர்மீனியரை அனதோலியாவிலிருந்து நாடுகடத்தியதிலும் கொன்றதிலும் பல லட்சம் பேர் மாண்டனர். பல நாடுகளும் பெரும்பாலான ஆய்வாளர்களும் இதை இனப்படுகொலை என்கின்றனர். துருக்கி அரசு அந்தச் சொல்லை மறுக்கிறது. ஆனால் எல்லை மூடப்பட்டது அதற்காக அன்று. 1993 ஏப்ரலில் ஆர்மீனியப் படைகள் அசர்பைஜானின் கெல்பஜார் மாவட்டத்தைப் பிடித்தபோது துருக்கி கதவைச் சாத்தியது. ‘இரு நாடு, ஒரே இனம்’ என்பது அங்காராவும் அசர்பைஜான் தலைநகர் பாகுவும் சொல்லும் தொடர். எல்லை மூடியதால் பாகுவின் எண்ணெய்க் குழாயும் ரயில் பாதையும் ஆர்மீனியாவைச் சுற்றி ஜார்ஜியா வழியாகப் போயின.

2008 செப்டம்பரில் கால்பந்துப் போட்டி பார்க்க துருக்கிய அதிபர் அப்துல்லா குல் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானுக்குச் சென்றார். 2009 அக்டோபரில் சூரிச்சில் உறவுக்கான ஆவணங்கள் கையொப்பமாயின. பாகு கொதித்தெழுந்தது, ஆவணங்கள் நாடாளுமன்ற ஒப்புதல் பெறாமலே கிடந்தன. 2020-இல் துருக்கிய டிரோன்களின் உதவியோடு கராபாக் போரில் அசர்பைஜான் வென்றது. 2023-இல் எஞ்சிய பகுதியும் அதன் கைக்கு வந்து, அங்கிருந்த ஆர்மீனியர் ஏறத்தாழ அனைவரும் வெளியேறினர். துருக்கி சொல்லிவந்த காரணம் அதோடு இல்லாமற்போனது. அதே 2023 பிப்ரவரியில், நிலநடுக்க நிவாரணம் ஏற்றிய ஆர்மீனிய லாரிகளுக்காக எல்லையிலுள்ள மர்காரா பாலம் முப்பது ஆண்டுகளில் முதல்முறையாகத் திறந்தது. 2025 ஜூனில் ஆர்மீனியப் பிரதமர் பஷின்யான் இஸ்தான்புல்லில் எர்டோகனைச் சந்தித்தார். ஆகஸ்டில் வாஷிங்டனில், தெற்கு ஆர்மீனியா வழியாக அசர்பைஜானையும் நக்சிவானையும் இணைக்கும் பாதைக்கு உடன்பாடு ஏற்பட்டது. அது அமைந்தால் ஈரானையும் ஜார்ஜியாவையும் தொடாமல் காஸ்பியன் கரைவரை துருக்கிக்கு நிலவழி கிடைக்கும். முழு உறவுக்கு முன் பாகுவும் யெரெவானும் அமைதி உடன்படிக்கையில் இறுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது அங்காராவின் நிலைப்பாடு. அதற்கு முன்பாக ஆர்மீனியா தன் அரசமைப்பைத் திருத்த வேண்டும் என்பது பாகுவின் நிபந்தனை.